கணக்கை நீக்கிய பின்னும் கசிந்த அந்தரங்கம்: டேட்டிங் செயலி மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: விவாகரத்துக்குப் பின் ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்து, சில மாதங்களில் கணக்கை நீக்கிவிட்டேன். இப்போது அந்நிறுவனத்தின் தரவு கசிந்துள்ளது. என் அந்தரங்கப் படங்களைக் காட்டி, 50,000 ரூபாய் தராவிட்டால் அலுவலகத்துக்கு அனுப்புவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். புகார் அளித்தால் என் பெயர் வெளியே வருமா? நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எக்காரணம் கொண்டும் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினாலும் படங்களின் நகல் அவரிடமேதான் இருக்கும். பணம் கைமாறாத நிலையிலும், பறிக்கும் நோக்கில் அச்சுறுத்தியதே பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த சட்டம்) 308(3)-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். நற்பெயருக்கு விளையும் கேடும் சட்டத்தின் பார்வையில் தீங்குதான் என்பதால், "உடலுக்கு ஆபத்தில்லையே" என்று எவரும் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.

அவரது எண்ணை முடக்குவதற்கு முன், எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி எல்லாச் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடலை அழிக்காமல் அந்தக் கைபேசியையே பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும்போது அது உதவும். பிறகு 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் அளிக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம்.

முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் இடம்பெறும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், அவ்வறிக்கைகளை இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என 2016-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்ற நுண்ணுணர்வு மிக்க வழக்குகளுக்கு விலக்கும் அளித்தது. அந்த விலக்கை உங்கள் புகார் மனுவிலேயே எழுத்து மூலம் கோருங்கள். படங்கள் எங்கேனும் வெளியிடப்பட்டால், உங்கள் புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடகத் தளங்கள் அவற்றை நீக்க வேண்டும் என்றிருந்த 2021-ஆம் ஆண்டு விதி, 2026-இல் திருத்தப்பட்டு இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, நீக்கிய கணக்கின் தரவை அது ஏன் வைத்திருந்தது என்பதே உங்கள் வழக்கின் உயிர்நாடி. 2015-இல் மணமானவர்களுக்கான டேட்டிங் தளமான ஆஷ்லி மேடிசன் ஊடுருவப்பட்டபோது, முழுமையாக நீக்கித் தருவதாக 19 டாலர் வாங்கிக்கொண்ட கணக்குகளின் விவரங்களும் வெளிவந்தன. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கை முடிக்க அந்நிறுவனம் 1.12 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. ஆனால் கடவுச்சொல், வங்கி விவரம், பாலியல் நாட்டம் போன்றவையே 2011 விதிகளின்படி நுண்ணுணர்வுத் தகவல்கள். வெறும் பெயரும் முகவரியும் போதாது. கசிந்தவற்றில் அத்தகைய நுண்ணுணர்வுத் தகவல்கள் இருந்தால், ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை உரிமையியல் நீதிமன்றத்தில் அல்லாமல், தீர்ப்பளிக்கும் அலுவலரான மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடமே தாக்கல் செய்ய வேண்டும்.

கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. விந்தை என்னவென்றால், அதில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்கான பகுதி நடைமுறைக்கு வரும்போது 43ஏ பிரிவும் நீங்கிவிடும். எனவே, கசிந்த தரவின் விவரத்தைக் கேட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இந்த வாரமே எழுதி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் மனுவைத் தாமதமின்றித் தாக்கல் செய்யுங்கள்.