மண்டையோட்டின் அடியில் கட்டி: புரோட்டான் சிகிச்சை தேவையா, சாதாரண கரண்ட் போதாதா?

உங்கள் அம்மாவுக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியில் கார்டோமா என்ற அபூர்வ எலும்புப் புற்றுக் கட்டி, ஆபரேஷன் முடிந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பல மடங்கு செலவு செய்து புரோட்டானுக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தங்கைக்கு வந்ததும் இதே கட்டி, இதே இடம். எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது என்றாள், அப்படித்தான் தெரியவந்தது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து முடிந்தவரை எடுத்தார்கள். மூளைத்தண்டை ஒட்டியிருந்த துணுக்கில் கை வைக்க முடியவில்லை.

நம் ஊரில் கரண்ட் வைக்கிறது என்று சொல்கிறோமே, அந்த எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கம் வரை போகும், வழியில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சுட்டுக்கொண்டே. புரோட்டான் என்பது அணுவுக்குள் இருக்கும் நுண்துகள், அது அப்படியில்லை. குறிப்பிட்ட ஆழம் வரை போய், நிற்கப்போகும் இடத்தில் தன் சக்தியில் பெரும்பங்கைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கார்டோமா முரட்டுக் கட்டி, 70 கிரேக்கு (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) மேல் கொடுத்தால்தான் அடங்கும். பக்கத்தில் இருக்கும் பார்வை நரம்போ 55 கிரேயைத் தாண்டினாலே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் 1970களிலேயே பாஸ்டன் டாக்டர்கள், ஹார்வர்டில் இயற்பியல் ஆராய்ச்சிக்காகக் கட்டிய சைக்ளோட்ரானில் (துகள்களை வேகமாக முடுக்கிவிடும் இயந்திரம்) இந்தக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019ல் சென்னையில் திறந்தது. நவி மும்பையில் டாடா மெமோரியலின் மையமும் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

தங்கைக்கு 37 சிட்டிங், வாரத்துக்கு 5 நாள். முதலில் முகமூடி செய்வார்கள். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடான தண்ணீரில் போட்டால் நனைந்த அப்பளம் மாதிரி துவண்டுவிடும். அதை முகத்தில் போர்த்தி அழுத்தினால் மூக்கு, தாடை எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். அதைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை இம்மிகூட அசையாது. முதல் நாள் அவள் பயந்துபோனாள். அம்மாவை முன்கூட்டியே சொல்லித் தயார்படுத்துங்கள். கதிர் வைக்கும்போது வலி இல்லை. மூன்றாவது வாரத்தில் காதுக்கு மேல் கைப்பிடி அளவு முடி கொட்டியது, அசதி அதிகம்.

நடுவில் அவளுக்குச் சளி பிடித்தது. மாத்திரை கேட்கலாம் என்று சாதாரணமாகச் சொன்னோம், உடனே சிடி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். காற்று இருக்கவேண்டிய சைனஸில் சளி அடைத்துக்கொண்டால் புரோட்டான் கட்டியை எட்டும் முன்பே நின்றுவிடுமாம். அன்றைக்குத்தான் இதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று புரிந்தது. ஒரு தும்மலைக்கூட மறைக்காதீர்கள்.

ஆனால் மூளைக் கட்டி என்றாலே புரோட்டான்தான் என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டை விற்றுவிடாதீர்கள். மூளையிலேயே உருவாகி வேகமாக வளரும் கிளியோபிளாஸ்டோமா புற்றுக்கும், நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டிகளுக்கும் பெரும்பாலும் சாதாரண ரேடியேஷன்தான் வைக்கிறார்கள். குழந்தைகள் விஷயம் வேறு. வளரும் மூளைக்கு எவ்வளவு குறைவாகக் கதிர் படுகிறதோ அவ்வளவு நல்லது. கார்டோமாவும் அப்படிப் புரோட்டானை யோசித்தே ஆகவேண்டிய கட்டி என்பேன்.

இன்சூரன்ஸ் இருந்தால் புரோட்டானுக்குப் பணம் வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், டாக்டரிடம் எக்ஸ்ரே பிளான், புரோட்டான் பிளான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டினார்கள். எக்ஸ்ரே பிளானில், கதிர் படும் இடத்தைக் காட்டும் நிறம் மூளை முழுக்கப் பரவியிருந்தது. புரோட்டான் பிளானில் மூளைத்தண்டின் விளிம்போடு சட்டென்று நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நகையை அடகு வைக்கக் கிளம்பினோம்.