பத்து நாள், ஒரு வேன், இரண்டு பேர்

கேள்வி: எனக்கு 52 வயது, கணவருக்கு 56. மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். மார்ச் கடைசியில் நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போய், கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றலாம் என்கிறார். கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி கைகோரா, மேற்குக் கரை, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், டனீடின் என்று 14 இடங்களை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறார். காரைவிடப் பெரிய வண்டியை நாங்கள் இருவருமே ஓட்டியதில்லை. கழிவறையும் வண்டிக்குள்ளேயாம்; அதை யார் காலி செய்வது? அத்தனை சின்ன இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? ஹோட்டலில் தங்கலாமே என்றால் முகம் வாடிப்போகிறது. என்ன செய்யலாம்? ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா என்றும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: தாராளமாகப் போங்கள். அந்த எக்செல்லை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சண்டை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். இடம் சின்னது என்பதால் வருவதைவிட, இருட்டிய பிறகு போய்ச் சேர்வதால் வருவதுதான் அதிகம். நானும் என் வீட்டுக்காரரும் போனபோது மதியம் வண்டியை வாங்கிக்கொண்டு, முதல் நாளே 250 கிலோமீட்டர் ஓட்டினோம். முதல் ரவுண்டானாவில் திரும்பியதுமே பின்னால் ஒரு சத்தம். பாத்திர டிராயரின் கொக்கியை நான் மாட்டவில்லை. தட்டும் கரண்டியும் தரையெல்லாம் உருண்டன. போய்ச் சேர்ந்தபோது மழை, கும்மிருட்டு. விளக்கு சுவிட்ச் எங்கே, கேஸ் வால்வு எங்கே, படுக்கையை எப்படி விரிப்பது, எதுவும் தெரியவில்லை. டார்ச்சை யார் எங்கே வைத்தது என்று ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போய்விட்டது. மறுநாள் காலையில் ஜன்னல் திரையை விலக்கினால், பத்தடி தூரத்தில் ஏரி. ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுக்குச் சம்மதம் வாங்குங்கள்: மாலை நாலு மணிக்கு மேல் வண்டி நகராது. ஏப்ரல் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும்.

நாலு மணிக் கணக்கை ஒத்துக்கொண்டால் 14 இடங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். அங்கே ஊருக்கு வெளியே சாலையில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் வேனோடு சராசரி 60 வந்தாலே நல்லது. குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரு வழி கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் போய்த் திரும்புவதாக எக்செல்லில் இருந்தால், அந்த வரியை முதலில் அழியுங்கள். மில்ஃபோர்ட் இல்லாமல் அவருக்கு மனசு ஆறாது என்றால் போகும் வழியில் உள்ள டெ அனா ஊரில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும், பெட்ரோல் டாங்க்கை அங்கேயே நிரப்ப வேண்டும், வேறு இரண்டு ஊர்களை விட வேண்டும். நானாக இருந்தால் மில்ஃபோர்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வேன். கைகோராவையும் டனீடினையும் கூடத்தான்.

என் யோசனை இது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்கே ஆர்தர்ஸ் பாஸ் ஏறுங்கள். கணவாய் 920 மீட்டர் உயரம். தாண்டியதும் ஒடீராப் பள்ளத்தாக்கில் 1999இல் திறந்த மேம்பாலத்தில் செங்குத்தான இறக்கம். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள். அங்கே பார்வையிடத்தில் நிறுத்தினால் கியா என்ற மலைக்கிளிகள் வரும். பார்க்கச் சாதுவாக இருக்கும், வைப்பர் ரப்பரை உரித்துவிடும். தீனி போடாதீர்கள், வண்டியை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள். அப்புறம் கடல். புனகைக்கியில் அப்பளம் அடுக்கினாற்போல் சுண்ணாம்புப் பாறைகள். கடல் ஏற்றத்தின்போது போனால்தான் பாறைத் துளைகள் வழியே நீர் பீறிடுவதைப் பார்க்கலாம். அங்கிருந்து தெற்கே ஃப்ரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் பனியாறுகள், ஹாஸ்ட் கணவாய், வனாகா ஏரி, பிறகு அவோராகி மவுண்ட் குக், டெகாபோ, திரும்பக் கிறைஸ்ட்சர்ச். மொத்தம் 1,300 கிலோமீட்டரை ஒட்டி வரும். மூன்று இடங்களிலாவது இரண்டிரண்டு ராத்திரி தங்கலாம்.

ஒரு நாளைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை மழைக்குப் பேர்போனது. 2019 மார்ச்சில் ஃப்ரான்ஸ் ஜோசப் பக்கம் வையோ ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய், மூன்று வாரத்துக்குள் புதுப் பாலம் போட்டார்கள். ஃபாக்ஸை விட்டுக் கிளம்பும்போது டாங்க் நிறைந்திருக்கட்டும், மேப்பையும் போனில் இறக்கி வைத்துவிடுங்கள். நெடுந்தூரத்துக்கு சிக்னல் கிடைக்காது.

பெரிய வண்டி பற்றிய பயம் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பாதிக் கவலை இல்லை. ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்குங்கள், ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் ஓட்டுநராகப் போடுங்கள். வண்டியின் உயரத்தை மட்டும் மறக்கக் கூடாது. காப்பீட்டில் மேற்கூரைச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். வழியில் ஒரு வண்டி மட்டுமே போகும் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வட்டப் பலகை என்றால் எதிரில் வருபவருக்கு வழி விட வேண்டும். நீலச் சதுரப் பலகை என்றால் முன்னுரிமை உங்களுக்கு. பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். டீசல் வேன் என்றால் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி. பம்பில் மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கணக்கு வந்து நிற்கும்.

சரி, கழிவறை. இருக்கைக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு தொட்டி இருக்கும், கேசட் என்பார்கள். வண்டிக்கு வெளியே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து உருவ வேண்டும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். டம்ப் ஸ்டேஷன் என்று ஊருக்கு ஊர் இடம் உண்டு. கேம்பிங் பூங்காக்களிலும் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, குழாய் மூடியைத் திறந்து, பக்கத்தில் உள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே ஊற்ற வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் சாய்த்தால் குபுக்கென்று மேலே தெறிக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்ட பாடம் அது, யாரென்று சொல்ல மாட்டேன். பிறகு தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டு, மருந்து ஊற்றி மாட்ட வேண்டும். மொத்தம் ஐந்து நிமிடம். யார் என்று கேட்டீர்களே: முறை வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை அவர். ஆசைப்பட்டது அவர்தானே! வேனில் சிறுநீர் மட்டும், மற்றதற்குப் பொதுக் கழிவறை என்று பேசிவைத்துக்கொள்கிற ஜோடிகளும் உண்டு. கூச்சப்படாமல் இங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

வண்டியில் நிலையான கழிவறை இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், 2023இல் வந்த சட்டம். அது இருந்தால்தான், கழிவுக்கு வண்டிக்குள்ளேயே வசதி உண்டு என்று காட்டும் பச்சை வாரன்ட் அட்டை கிடைக்கும். அட்டை இருந்தாலும் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. எங்கே அனுமதி என்பது உள்ளூர் மன்றத்துக்கு மன்றம் மாறும், மீறினால் அபராதம் 400 நியூசிலாந்து டாலரிலிருந்து தொடங்கும். பேசாமல் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்களுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். மவுண்ட் குக்கில் வைட் ஹார்ஸ் ஹில் முகாமை நான் விடவே மாட்டேன். மூன்று நாளைக்கு ஒரு தரம் மின் இணைப்புள்ள பூங்காவில் தங்கினால் வெந்நீர்க் குளியல், துணி துவைப்பு எல்லாம் ஆகிவிடும். பாதியில் ஒரு ராத்திரி மோட்டலும் போடுங்கள், அது உங்களுக்காக. தினமும் ஒரு மணி நேரம் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.

ரைஸ் குக்கர் அந்த மின் இணைப்பு இருக்கும் ராத்திரிகளில் மட்டுமே வேலை செய்யும். மற்ற நாளில் கேஸ் அடுப்புத்தான், ஆகவே சின்ன பிரஷர் குக்கராக எடுத்துப் போங்கள். சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் விமான நிலையத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள்; மறைத்தால் அதற்கும் 400 டாலர். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அது கட்டாயம். மேற்குக் கரையில் பகலில் திறந்தால் சேண்ட்ஃப்ளை என்ற பொடி ஈ கூட்டமாக உள்ளே வந்து கணுக்காலைக் கடித்துக் குதறிவிடும். நல்லவேளை, இருட்டியபின் அது கடிப்பதில்லை. நாலு மணிக்கே போய்ச் சேர்ந்து, நன்றாக இருட்டியதும் உலை வையுங்கள்.