ஏஐ சட்டத்துக்கு கம்பெனிகளைத் தயார்படுத்தும் வேலையை வேலூர் பக்கம் இருந்தே செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் எம்.சி.ஏ. முடித்துவிட்டு காட்பாடியில் இருக்கிறாராம். செயற்கை நுண்ணறிவுச் சட்டங்களுக்கு நிறுவனங்களைத் தயார்படுத்தும் வேலைக்கு பெங்களூர் போயாக வேண்டுமா, சட்டம் படித்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். நான் ஆம்பூரில் உட்கார்ந்துதான் செய்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் ஷூ கம்பெனிகளில் ஆடிட் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவம் போதுமா என்றால், பாதிக்கு மேல் போதும்.

ஐரோப்பாவில் போடும் சட்டம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்வது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 1989-ல் ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சை மருந்தைத் தடை செய்தது. தோல் பதனிடும் டேனரிகள் மாற்று மருந்து தேடி ஓடின. 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோம் 6 என்ற நச்சு வகை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் தோல் பதனிடப் போடுவது குரோம் 3. டேனரியில் டெஸ்ட் எடுத்தால் பாஸ். அதே தோல் சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்தால், போட்ட எண்ணெய் சரியில்லாதபோது, தானாகவே குரோம் 6 ஆகிவிடும். ஹாம்பர்க்கில் இறக்கி மறுபடி டெஸ்ட் எடுத்தால் ஃபெயில். ஏஐ மென்பொருளும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. வாங்கிய அன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து விற்றவர் அப்டேட் போட்ட பிறகு வேறொன்று. ஒரு முறை பார்த்து சீல் வைத்துவிட்டு வரும் வேலை இல்லை இது.

போன வருடம் ஒரு ஷூ கம்பெனிக்கு, அவர்களிடம் ஷூ வாங்கும் பையரிடமிருந்து கேள்வித்தாள் வந்தது. அதில் ஒரு கேள்வி, ‘உங்கள் ஆலையில் ஏஐ பயன்படுத்துகிறீர்களா?’ முதலாளி ‘இல்லை’ என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். “நாம ஷூ தைக்கிறவங்க தம்பி, நமக்கு எதுக்கு ஏஐ?” என்றார். சரி பாய், ஒரு ரவுண்டு சுத்திட்டு வரலாம் என்று கூட்டிப் போனேன்.

கேட்டிலேயே முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின். கட்டிங் செக்‌ஷனில் தோல் மேலுள்ள கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் பிடிக்கும் கேமரா. ஹெச்.ஆர். மேடம் வந்த பயோடேட்டாக்களை ஒரு இலவச சாட்பாட்டில் ஒட்டி, நல்ல ஐந்து பேரைச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டிச்சிங் லைனில் இன்னொன்று. சிசிடிவி போட்டவர் சேர்த்துக் கொடுத்த சாஃப்ட்வேர், ஆட்களின் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, பக்கத்தில் மனநிலை என்று ஒரு சதவீதம் காட்டியது. யாரும் கேட்டு வாங்கிய வசதி இல்லை, அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு அக்கா முகத்துக்குப் பக்கத்தில் ‘கோபம் 62’ என்றது. அவரிடமே காட்டினேன். “பேரணாம்பட்டுல இருந்து பஸ்ஸுல நின்னுகினே வந்தேன் சார், வேற எந்த மூஞ்சி வரும்?” என்றார்.

வேலை செய்யும் இடத்தில் ஆட்களின் உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ, மருத்துவம், பாதுகாப்புக் காரணம் தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி 2025 பிப்ரவரி 2 முதல் தடை. அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம் வரை. இரண்டில் எது அதிகமோ அது, சிறு நிறுவனம் என்றால் எது குறைவோ அது. ஆனால் ஆம்பூர் தொழிலாளியின் முகத்தை ஆம்பூரிலேயே பார்க்கும் மெஷின் மேல் அந்தச் சட்டம் பாயாது. இதைச் சொல்லாமல் 7 சதவீதத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்தி ஃபீஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத வியாபாரம். இங்கே பிரச்சினை வேறு: பையர் அந்தத் தடையையே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார், நாம் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்த வசதியை அன்றைக்கே அணைத்தோம். டிக்கை ‘ஆம்’ என்று மாற்றி, எந்த மெஷின், எதற்கு, யார் பொறுப்பு என்று ஒரு பக்கப் பட்டியல் இணைத்தோம். என் வேலையில் முக்கால்வாசி இந்தப் பட்டியல்தான். கம்பெனியில் என்னென்ன ஓடுகிறது என்று முதலாளிக்கே தெரிந்திருக்காது.

சட்டம் நேராகவே பாயும் இடமும் இங்கே உண்டு. சத்துவாச்சாரியில் ஆறு பேர் நடத்தும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, ஜெர்மனியில் உள்ள நிறுவனத்துக்கு விண்ணப்பங்களைப் படித்து மார்க் போட்டு வரிசைப்படுத்தும் கருவி செய்து, தங்கள் பெயரிலேயே விற்கிறது. “வெறும் சார்ட்டிங்தான் சார்” என்றார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதில் ஏஐ அங்கே உயர் ஆபத்துப் பிரிவு. சின்ன உதவி வேலைகளுக்கு விலக்கு உண்டு; ஆனால் ஒரு மனிதரை எடைபோட்டு மார்க் போட்டால் அந்த விலக்கு கிடையாது. கருவி தரும் முடிவு அங்கே பயன்படுவதால் சத்துவாச்சாரியில் இருந்தாலும் தப்ப முடியாது. தொழில்நுட்ப ஆவணம் எழுதி 10 வருடம் வைத்திருக்க வேண்டும், ஐரோப்பாவில் எழுத்துமூலம் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். சோதனையைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

இந்த உயர் ஆபத்து விதிகளுக்குச் சட்டத்தில் முதலில் எழுதிய தேதி 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிவைக்கும் யோசனையை 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்வைத்தது. அதனால் எந்தத் தேதியையும் நினைவிலிருந்து கிளையண்டுக்கு எழுதாதீர்கள், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நம் நாட்டில் ஏஐக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பரில் வந்தது வழிகாட்டுதல் மட்டும். ஆனால் அந்த அட்டெண்டன்ஸ் மெஷினில் இருக்கும் முகங்கள் தனிநபர் தரவு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பாய்க்கு இந்த எண்தான் உறைத்தது.

என்ன படிப்பது? ஐரோப்பியச் சட்டத்தின் 5, 6, 26, 50-ஆம் பிரிவுகளையும் மூன்றாம் இணைப்பையும் மூலத்திலேயே படியுங்கள். யூடியூப் சுருக்கம் வேண்டாம். ஏஐ நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 42001 சான்றிதழ் இருந்தால் பையருக்குப் பிடிக்கும், ஆனால் அது சட்டத்துக்கு ஈடாகாது. அப்புறம் ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் சோஷியல் ஆடிட் நடக்கும்போது இரண்டு நாள் கூட இருந்து பாருங்கள். எம்.சி.ஏ. படித்த உங்களுக்கு விற்றவரிடம் ‘இது எந்தத் தரவில் பழகியது’ என்று கேட்கத் தெரியும். எனக்கு அது வர ஒரு வருடம் ஆனது.

அந்த சத்துவாச்சாரிப் பையன்கள் மார்க் போடுவதை எடுத்துவிட்டு, விண்ணப்பத்தில் இருப்பதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள். அப்படியானால் பாதி விலைதான் தருவேன் என்கிறது ஜெர்மன் கம்பெனி. பேச்சு இன்னும் முடியவில்லை.