ஈ வளர்ப்பது இன்னும் எதற்கு?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்கு ஜீனோம் ஆய்வுப் பக்கம் போகலாமா என்று யோசனை. வெளிநாடு போனால்தான் வேலை கிடைக்குமா? பழ ஈயின் டி.என்.ஏ.வை 2000-லேயே படித்துவிட்டார்கள். எந்தத் துண்டு மரபணுவை இயக்கும் என்பதையும் இப்போது ஏ.ஐ. சொல்லிவிடுகிறது. இன்னும் ஈ வளர்ப்பது எதற்கு என்றும் தோன்றுகிறது.
கே.

அன்புள்ள கே.,

வேலை, வெளிநாடு எல்லாம் பிறகு. கடைசி வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்தது டி.என்.ஏ.வின் எழுத்துகளை, தம்பி. அவை என்ன செய்கின்றன என்பதை அல்ல.

ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர். இட்ட மூன்று மணி நேரத்தில் சாயமேற்றிப் பார்த்தால், ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு இயங்கும் இடங்கள் ஏழு கோடுகளாகத் தெரியும். இரண்டாவது கோட்டுக்கென்றே தனியாக ஒரு டி.என்.ஏ. துண்டு, ஐந்நூறு எழுத்துகூடத் தேறாது. பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற புரதங்கள் அதில் ஒட்டி மரபணுவை முடுக்கும். முன்பக்கம் ஜயன்ட், பின்பக்கம் க்ரூப்பல் என்ற வேறு இரண்டு புரதங்கள் அதை அடக்கும். அந்த இடுக்கில் மிஞ்சுவதுதான் கோடு.

இதே துண்டை மெலனோகாஸ்டர், சூடோஅப்ஸ்க்யூரா என்ற இரண்டு ஈ இனங்களிலிருந்து சிகாகோவில் மார்ட்டின் க்ரைட்மன் குழு எடுத்தது. புரதங்கள் ஒட்டும் இடங்களில் நிறைய மாற்றம். ஆனாலும் எந்தத் துண்டை முழுசாக மெலனோகாஸ்டரில் ஏற்றினாலும் கோடு சரியாகவே விழுந்தது. இதில் பாதி, அதில் பாதி என்று ஒட்டிப் போட்டார்கள். கோடு பிசகிவிட்டது! ஒரு பாதியில் வந்த மாற்றத்தை மறுபாதி ஈடுகட்டிக்கொண்டே வந்திருக்கிறது. 2000-ல் நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரை, தேடிப் படியுங்கள். இரண்டு வரிசைகளையும் திரையில் அடுக்கிவைத்து எத்தனை நாள் முறைத்துப் பார்த்திருந்தாலும் இது கிடைத்திருக்குமா? 2008-ல் வேறொரு குழு, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன செப்சிட் என்ற ஈக்களின் துண்டுகளை மெலனோகாஸ்டரில் ஏற்றியது. எழுத்துகளில் ஒற்றுமை காண்பதே அரிது, வேலை மட்டும் அதே வேலை.

நீங்கள் சொல்லும் ஏ.ஐ. எதைத் தின்று வளர்ந்தது? வியன்னாவில் அலெக்சாண்டர் ஸ்டார்க் குழு உருவாக்கிய டீப்ஸ்டார் என்ற ஏ.ஐ., ஈயின் செல்களுக்குள் டி.என்.ஏ. துண்டுகளை ஏற்றி அளந்த அளவுகளில் கற்றது. அதே குழு பின்னால் புதுத் துண்டுகளைக் கணினியிலேயே வடிவமைத்தது. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஈயின் கருவுக்குத்தான் போனது. தெரிந்துகொள்ளாமல் "எதற்கு" என்று எழுதாதீர்கள்.

உங்களுக்கு நிரல் எழுதத் தெரியும், இந்தத் துறைக்கு அது நிச்சயம் வேண்டும். முதலில் ஒரு கோடைக்காலம் ஈ ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வாருங்கள். பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.