இரண்டு வருட கிரீன் கார்டுக்கு ரெனியூவல் கிடையாது

கேள்வி: அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்துகொண்டு வந்தேன். என் கிரீன் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான், இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் "சாதாரண ரெனியூவல்தான், கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கணவரோ சண்டை வந்தால் "நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன் கார்டு போச்சு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரெனியூவல் என்று சொன்னதிலேயே தெரிகிறது, அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை. அமெரிக்காவுக்குள் நுழைந்த நாளில் உங்கள் திருமணம் நடந்து இரண்டு வருடம் ஆகியிருக்காது, அதனால்தான் நிபந்தனையோடு இரண்டு வருட கார்டு. அந்த நிபந்தனையை நீக்கக் கேட்பதுதான் ஐ-751 படிவம். பத்து வருட கார்டைப் புதுப்பிக்கிற ஐ-90 வேறு. அதைப் போட்டுவிட்டு ஏஜென்ட் சொன்னாரே என்று உட்கார்ந்திருந்தால் கெடு தாண்டிப் போய், அந்தஸ்தே தானாக முடிந்துவிடும்.

கணவரும் நீங்களும் சேர்ந்து போடுவதானால் கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். 90 நாள் என்றால் மூன்று மாதம் இல்லை, காலண்டரை வைத்து எண்ணுங்கள், ஒரு நாள் முந்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதாவது உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது, அதற்குள் காகிதம் சேர்க்கலாம்.

காகிதம் என்றதும் எல்லோரும் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாலு போட்டோ போதும். அதிகாரி பார்ப்பது அலுப்பூட்டும் சமாச்சாரங்கள்: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, இருவருமே செலவழிக்கிற வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸில் வாரிசாக உங்கள் பெயர். நம் வீடுகளில் எல்லாமே கணவர் பெயரில்தான் இருக்கும், அதை இன்றைக்கே மாற்ற ஆரம்பியுங்கள்.

கட்டணம் 2024 ஏப்ரலில் இருந்து 750 டாலர். படிவம் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்தில் இலவசம், முகவரி டாட் கவ் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும், அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான் உரிமை. "கன்சல்டன்ட்" என்று போர்டு மாட்டியவருக்கு இல்லை. இந்த ஆட்கள் வழக்கமாகச் செய்வது, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தபால் முகவரியாகத் தங்கள் ஆபீஸைப் போட்டுவிடுவது. ரசீது, கைரேகைக்கு அழைப்பு, கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் எல்லாம் அவரிடம் போய்ச் சேரும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு. உங்கள் முகவரியைத்தான் எழுத வேண்டும், வீடு மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அனுப்பியதும் வரும் ரசீதுக் கடிதம் பழைய கார்டின் செல்லுபடியை 48 மாதம் நீட்டிக்கும். நீட்டிப்பே நாலு வருடம் என்றால் அவர்கள் வேலை பார்க்கிற வேகத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம், ஆனால் நீங்கள் ஒரு நாள் பிந்தினால் மட்டும் காரணம் கேட்பார்கள். கடிதத்தின் அசலையும் பழைய கார்டையும் பத்திரமாக வைத்திருங்கள், வேலைக்கும் பயணத்துக்கும் இரண்டும் சேர்ந்துதான் செல்லும்.

கணவரின் மிரட்டலுக்கு வருகிறேன். கார்டை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும், சட்டம் ஏற்கிற காரணம் இருந்தால் அதே ஐ-751 படிவத்தை நீங்கள் தனியாகவே போடலாம், அதற்கு 90 நாள் கெடுவும் கிடையாது. விவாகரத்து ஆகியிருந்தால் அந்தக் காரணத்தில், ஆனால் தீர்ப்பு வந்திருக்க வேண்டும், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே போட்டால் தீர்ப்பு நகல் எங்கே என்று கேட்பார்கள். அடி, மிரட்டல், கொடுமை என்று இருந்தால் விவாகரத்து வரை காத்திருக்கவே வேண்டாம், அவரோடு ஒரே வீட்டில் இருந்தாலும் போடலாம். எந்த வழியில் போனாலும் திருமணம் உண்மையாக நடந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், அதனால் வரி, வாடகை, வங்கிக் காகிதங்களின் நகலை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிரட்டல் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை என்றால் ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தோடு ஒரு குடிவரவு வழக்கறிஞரை இந்த மாதமே போய்ப் பாருங்கள்.