பள்ளி திறந்த வாரத்தில் வந்த நாய்க்குட்டியும் பின்னாலேயே வந்த கார்டு பில்லும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. பிள்ளைகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், பள்ளி திறக்கும் சமயத்தில் பத்து வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். அந்த வாரம் யாருமே சரியாகத் தூங்கவில்லை. ஒரு பக்கம் நோட்டு, ஷூ, பை, கட்டணம். இன்னொரு பக்கம் தடுப்பூசி, கூண்டு, தீவனம். எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டோம். பில் எங்கள் மாத வருமானத்தில் 60 சதவீதம் வந்திருக்கிறது. பள்ளிக்கு 35, குட்டிக்கு 25. வீட்டுச் செலவுக்கு வருமானத்தில் 80 சதவீதம் போகும், பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக்கு 10. மீதி 10தான் கையில் நிற்கும். நான்கு மாதச் செலவுக்கான அவசர நிதி வங்கியில் இருக்கிறது, ஆனால் அதைத் தொட மனம் வரவில்லை. கார்டுக்கு மினிமம் தொகை மட்டும் கட்டி மெதுவாக அடைக்கலாமா? கல்விச் சேமிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தலாமா? "மாதாமாதம் இப்படி வந்தால் தாங்காது, குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் கணவர். பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதில்: முதலில் பில்லை முடிப்போம். மற்றதைப் பிறகு பேசலாம்.

அவசர நிதியிலிருந்து எடுத்து, கடைசித் தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாத வட்டி 3 சதவீதம், மினிமம் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 100 என்றால், ஒரு வருடத்தில் நீங்கள் 55 கட்டியிருப்பீர்கள். ஆனாலும் 77 பாக்கி நிற்கும். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். இதுவும் அந்தக் கார்டில் வேறு எதுவுமே வாங்காமல் இருந்தால்தான். பாக்கி வைத்த கார்டில் வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. அடுத்த வாரம் வாங்கும் ஒரு பென்சிலுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பில்லை மாதத் தவணையாக மாற்றித் தருவதாக வங்கி அழைக்கலாம். மினிமம் கட்டுவதைவிட அது மேல்தான். ஆனால் அதிலும் வட்டி உண்டு, ப்ராசசிங் கட்டணமும் இருக்கலாம். கையில் பணம் இருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

அவசர நிதியைத் தொடுவதில் உங்களுக்கு இருக்கும் தயக்கம் நல்ல தயக்கம். அதை மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு மாதச் செலவு என்பது உங்கள் வருமானத்தில் 320 சதவீதம். அதில் 60 போனால் 260 மிஞ்சும், அதாவது மூன்று மாதச் செலவுக்கும் சற்று மேல். அது பாதுகாப்பான நிலைதான். வங்கியில் குறைந்த வட்டிக்குப் பணம் தூங்க, கார்டுக்கு அதைப் போலப் பல மடங்கு வட்டி கட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கல்விச் சேமிப்பைத் தொட வேண்டாம். ஒருமுறை நிறுத்தினால் மறுபடி தொடங்குவதற்கு நல்ல நாள் வரவே வராது. பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

இனி கணவர் கேட்டதற்கு வருகிறேன். "மாதாமாதம் இப்படி" என்கிறார். அப்படி வராது. அதை அவருக்குக் காட்ட, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பில்லின் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும், இது இனி எப்போது வரும் என்று எழுதுங்கள். கூண்டு இனி வராது. கழுத்துப்பட்டை இன்னும் இரண்டு முறை வரலாம், கழுத்து வளரும். தடுப்பூசி வரும், ஆனால் அடிக்கடி போடும் வரிசைக்கு ஒரு முடிவு இருக்கிறது. பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போடுவார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு பூஸ்டர், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குடற்புழு மருந்தும் முதல் ஆறு மாதம்தான் அடிக்கடி. கருத்தடை அறுவை செய்வதாக இருந்தால் அதுவும் ஒருமுறைச் செலவு, முன்கூட்டியே தெரிந்த செலவு. இன்னும் ஆறு வாரத்தில் உங்கள் குட்டி இந்த ஊசி வரிசையை முடித்திருக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, ஒரு வருடத்துக்கு என்னென்ன, எந்தத் தேதியில், தோராயமாக எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

இப்படி வரி வரியாகப் பிரிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். பள்ளி, குட்டி என்ற கணக்கில் சேர்ந்திருந்தாலும் உண்மையில் இரண்டுக்கும் சேராத சில வரிகள். தூக்கமில்லாத இரவில் போனில் ஆர்டர் செய்தவை, சமைக்கத் தெம்பில்லாமல் வெளியில் வாங்கிய சாப்பாடு, மறுநாளே வேண்டும் என்று கூடுதல் கட்டணம் கொடுத்து வரவழைத்தது, கணவரும் நீங்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு முறை வாங்கியது, குட்டிக்கே எல்லாம் வாங்குகிறீர்கள் என்று மகன் முகத்தைத் தூக்கியதால் வாங்கிய பொம்மை. இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது "யாருமே சரியாகத் தூங்கவில்லை" என்ற வரிதான். களைத்துப் போன மனிதர்கள் விலை பார்ப்பதில்லை. அதனால் உங்கள் பட்ஜெட்டில் நான் முதலில் கேட்கும் மாற்றம் இதுதான்: இரவு ஒன்பது மணிக்குமேல் எதையும் வாங்க வேண்டாம், கூடையில் போட்டு வையுங்கள், காலையில் இருவரும் பார்த்துவிட்டு வாங்குங்கள். குட்டியை இரவில் வெளியே கொண்டுபோகும் முறையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவராவது தூங்கி எழ வேண்டும்.

பகல் நேரம் அடுத்த சிக்கல். குட்டிகளால் சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், கூட ஒன்று. உங்கள் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்று வையுங்கள். நீங்கள் நால்வரும் காலையில் கிளம்பிவிட்டால், நடுப்பகலில் யாராவது வந்தே ஆக வேண்டும். உங்களில் ஒருவர் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்துபோக முடிந்தால் செலவில்லை. முடியாவிட்டால் ஆள் வைக்க வேண்டியதுதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் அதை முடிவு தேதியோடு வையுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு என்று பேசுங்கள், பிறகு குட்டியின் பழக்கத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். முடிவு தேதி இல்லாத தற்காலிகச் செலவு நிரந்தரமாகிவிடும்.

இப்போது அந்த 10 சதவீதம். பள்ளி அடுத்த வருடமும் திறக்கும், அதே சமயத்தில். அதற்கு ஆன 35-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3 சதவீதம். அதைத் தனிக் கணக்கில் போடத் தொடங்குங்கள், இந்த மாதமே. குட்டிக்கு மாதம் 4 சதவீதம்: தீவனம், மருந்து, அடுத்த வருட பூஸ்டருக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து. மீதி 3 சதவீதம் அவசர நிதிக்குத் திரும்பப் போகட்டும். முதல் மூன்று மாதம் அந்த 3 பகல் ஆளுக்குப் போகும். அதன்பின் எடுத்த 60 திரும்ப வர 20 மாதம் ஆகும். மெதுவானதுதான், ஒத்துக்கொள்கிறேன். சம்பள உயர்வோ போனஸோ வந்தால் முதலில் அதில் போடுங்கள், சீக்கிரம் நிறையும். அடுத்த முறை பள்ளிப் பட்டியல் வந்ததும், போன வருடப் பைகளைக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பாதி நோட்டு மீதியிருக்கும். ஷூவும் கட்டணமும்தான் முதல் வாரத்துக்கே வேண்டியவை. மற்றது ஆசிரியர் வகுப்பில் சொன்ன பிறகு வாங்கலாம்.

குட்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி. ஏற்கெனவே செலவான 25 எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்த 4 சதவீதத்தையும், தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத கவனிப்பையும், பத்து வருடத்துக்கு மேல் தர முடியுமா? நாய்கள் பலவும் பத்து முதல் பதின்மூன்று வருடம் வாழும். உங்கள் மகள் வேலைக்குப் போகும் வயதிலும் அது வீட்டில் இருக்கும். முடியும் என்றுதான் உங்கள் எண்கள் சொல்கின்றன. கணவரின் கவலையை அன்பில்லாத பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பில்லைப் பார்த்துப் பயந்திருக்கிறார், அவ்வளவுதான். வரி வரியாகப் பிரித்த தாளை அவர் கையில் கொடுங்கள்.

பெரிய செலவு ஒன்று வரக்கூடும் என்றால் அது பள்ளிப் பையிலிருந்தே வரலாம். இதை அழுத்திச் சொல்கிறேன். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை இவையெல்லாம் நாய்க்கு விஷம். சர்க்கரை இல்லாத சூயிங் கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் இன்னும் மோசம், கொஞ்சம் உள்ளே போனாலே ரத்தத்தில் சர்க்கரை அளவு வேகமாகச் சரியும். ரப்பர், பேனா மூடி, சாக்ஸ் ஆகியவற்றை விழுங்கிக் குடல் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். அதன் பில் இந்த மாத பில்லைத் தாண்டிவிடலாம். பைகளும் டிபன் பாக்ஸும் பள்ளியிலிருந்து வந்ததும் உயரத்தில் போக வேண்டும். அந்தப் பொறுப்பை மகனிடம் கொடுங்கள், ஏழு வயதுக்கு ஏற்ற வேலை.

பெட் இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவசர நிதி குறைந்திருக்கும் இந்த 23 மாதத்துக்கு அது உங்களுக்குப் பயன்படலாம். எடுப்பதானால் குட்டி ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுங்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது. காத்திருப்புக் காலம் எத்தனை நாள், வருடத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். வழக்கமான தடுப்பூசி பெரும்பாலும் அதில் சேராது. பல இடங்களில் நீங்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் பிறகு திரும்ப வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கார்டை முழுதாக அடைத்து, அதன் வரம்பைக் காலியாக வைத்திருப்பது அன்றைக்கும் உதவும். பிரீமியம் அந்த 4 சதவீதத்துக்குள் அடங்கினால் எடுங்கள். அடங்காவிட்டால் விட்டுவிட்டு, குட்டிக்கான கணக்கிலேயே கொஞ்சம் கூடுதலாகச் சேருங்கள்.