யாரிடம் அனுமதி கேட்கப் போகிறீர்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

கோவையில் மனையியல் முதுகலை முடித்துக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திய உங்களுக்கு, நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தின் கல்வி மற்றும் மனித அறிவியல் கல்லூரியில் முனைவர் பட்டப் படிப்புக்கு அசிஸ்டண்ட்ஷிப்புடன் (பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வேலை செய்து பெறும் உதவித்தொகையுடன்) இடம் கிடைத்திருப்பதில் மிக்க மகிழ்ச்சி. முதல் கோடை விடுமுறையிலேயே ஊருக்கு வந்து, அங்கன்வாடிக் குழந்தைகளிடமும் அவர்களின் தாய்மார்களிடமும் தரவு திரட்டி, மூன்று ஆண்டுகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட முடியுமா என்றும், இங்கே ஆராய்ச்சி மாணவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மத்திய மேற்கில் இத்தகைய கல்லூரி ஒன்றில் படித்து, பள்ளித் திட்டங்களை மதிப்பீடு செய்யும் வேலையில் இங்கேயே நிலைத்துவிட்டவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அங்கன்வாடி ஆய்வைச் செய்ய முடியும். முதல் கோடையில் செய்ய முடியாது. மூன்று ஆண்டுகளில் முடிப்பதும் அரிது. ஆய்வகத்தில் வேலை செய்யும் வேதியியல் மாணவருக்குக் கருவி பழுதானால்தான் தாமதம். நம் துறையிலோ, யாரை ஆராய்கிறோமோ அவர்களும், அவர்களுக்குப் பொறுப்பானவர்களும் சம்மதித்த பிறகுதான் முதல் கேள்வியைக் கேட்கவே முடியும். ஆகவே என்ன தலைப்பு என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தத் தலைப்புக்கு எத்தனை பேரின் அனுமதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே சரியான காலத்தில் முடித்தவர்களில் பெரும்பாலோர் அப்படி எண்ணித் தொடங்கியவர்களே.

முதலில் நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் வகையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் நிலம் பெற்று எழுந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில் வேளாண்மையோடு சேர்ந்து வளர்ந்ததுதான் மனையியல். எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் முதலானோர் 1899 முதல் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடிப் பேசியதன் பயனாக 1909-இல் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானது. பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அந்தத் துறைகளை மறுசீரமைத்தன; நெப்ராஸ்காவில் ஆசிரியர் கல்லூரியும் பழைய மனையியல் மரபில் வந்த கல்லூரியும் 2003-இல் ஒன்றாக்கப்பட்டன. அதனால்தான் ஊட்டச்சத்து, ஜவுளி, குழந்தை வளர்ச்சி, கல்வி உளவியல், ஆசிரியர் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. நம் ஊருக்கும் இந்த மரபுக்கும் தொடர்பு உண்டு: கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்தை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். ஆகவே மனையியல் பட்டத்தைச் சொல்லிக்கொள்ளத் தயங்காதீர்கள். இங்குள்ள மூத்த பேராசிரியர்களுக்கு அது நன்கு புரியும்.

இனி அனுமதியைப் பற்றி. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வையும் தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.பி. என்னும் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து கொடுக்காமலே 1932 முதல் 1972 வரை அவர்களைக் கவனித்துவந்த கொடுமை அம்பலமானதும் 1974-இல் தேசிய ஆராய்ச்சிச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக 1979-இல் பெல்மாண்ட் அறிக்கையும் வந்தன. இன்று நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதிகள் அந்த அறிக்கையின் மீது நிற்பவை. மருத்துவத்துக்காக எழுதப்பட்டது நமக்கு எதற்கு என்று வகுப்பில் சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தன் பிள்ளை பள்ளியில் என்ன பதில் சொன்னது என்பது ஒரு தாய்க்கு அந்தரங்கமான செய்திதான்.

விதிகளில் உங்களைப் போன்றோர் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான வகுப்பறை முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கும், பெரியவர்களிடம் எடுக்கும் சாதாரணக் கருத்துக்கணிப்புக்கும் விலக்கு என்ற எளிய வகை உண்டு. ஆனால் குழந்தைகளைப் பேட்டி எடுத்தாலோ, அவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தினாலோ, அவர்களோடு விளையாடிக்கொண்டே கவனித்தாலோ அந்தக் கருத்துக்கணிப்பு விலக்கு பொருந்தாது. பெற்றோரின் அனுமதியோடு, புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையின் இசைவும் தனியாக வேண்டும். எனவே ஒரே தலைப்பை, குழந்தையிடம் கேட்பதற்குப் பதிலாக ஆசிரியையிடம் கேட்பதாக மாற்றி அமைத்தாலே சில மாதங்கள் மிச்சமாகலாம். அப்படி மாற்றுவது ஆய்வின் உயிரைக் கெடுக்குமா என்பதை நீங்களும் நெறியாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நேரத்துக்காக மட்டும் மாற்றப்பட்ட கேள்விகள் பின்னால் ஆய்வேட்டுக் குழுவின் முன் நொண்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டாலும் வேலை முடியாது. பெரிய பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகள்) வெளி ஆய்வாளர்களுக்குத் தனி விண்ணப்பம் வைத்திருக்கின்றன. அதன்பிறகு தலைமை ஆசிரியரின் சம்மதம், ஆசிரியரின் சம்மதம், பெற்றோரின் கையெழுத்து. மாணவரின் மதிப்பெண் பதிவேடுகளை 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் காக்கிறது; சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் பள்ளி அவற்றைத் தர முடியாது. நெப்ராஸ்காவில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறந்து மே இறுதியில் மூடுகின்றன. திறந்த புதிதில் யாரும் உங்களை உள்ளே விடமாட்டார்கள். வசந்த காலம் வந்தால் மாநிலத் தேர்வுகள். உண்மையில் களப்பணிக்குக் கிடைப்பது செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் பிற்பகுதியில் வரும் நன்றி நவிலல் விடுமுறை வரையிலான வாரங்களும், ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான வாரங்களும்தான். பனிப்புயலுக்காகப் பள்ளி மூடும் நாட்களையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்களுக்கு உதவக்கூடியவர்கள் யார் தெரியுமா? வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமர்பவர்கள். கல்வித் துறையின் பட்டமேற்படிப்பு வகுப்புகள் பல மாலை நேரத்தில் நடக்கும்; காரணம், மாணவர்களில் பலர் பகலில் பள்ளி ஆசிரியர்களாகவோ முதல்வர்களாகவோ வேலை பார்ப்பவர்கள். இந்தத் துறையில் பட்டம் பெற மற்றத் துறைகளைவிட அதிகக் காலம் ஆவதற்கும் அதுவே ஒரு காரணம். வயதில் மூத்த அவர்களோடு பேசத் தயங்கி நம்மவர்கள் தனியாக அமர்ந்துவிடுகிறார்கள். ஒரு பள்ளியின் கதவைத் திறக்க எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், எந்த வாரத்தில் எழுதக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கன்வாடிக்கு வருவோம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் அவை. தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் பொறுப்பில் வருவதால், பள்ளிக் கல்வித் துறையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பது அவ்வளவாகப் பயன்படாது. அத்துறையின் எழுத்துவழி அனுமதியை இங்குள்ள நெறிமுறைக் குழு கேட்கும். அதோடு ஊர் வழக்கம் அறிந்த ஒருவரின் கருத்தையும் கேட்கலாம். நீங்கள் பாடம் நடத்திய கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால், அங்குள்ள பேராசிரியர் ஒருவரை உடன் ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வது பல சிக்கல்களைக் குறைக்கும்.

நம் ஊர்த் தாய்மாரிடம் ஆங்கிலப் பாணியில் நான்கு பக்கச் சம்மதப் படிவத்தை நீட்டினால், சொத்துப் பத்திரமோ என்று பயப்படுவார்கள். கையெழுத்திடுவது வழக்கமில்லாத சமூகங்களில், ஆய்வின் ஆபத்து மிகக் குறைவாக இருந்து, சம்மதத்தை வேறு வகையில் பதிவு செய்யவும் வழி இருந்தால், கையெழுத்தைத் தவிர்க்கலாம் என்று திருத்தப்பட்ட விதிகளே இடம் தருகின்றன. இதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். இதைவிடக் கடினமானது வேறொன்று. அங்கன்வாடிப் பணியாளர் கூப்பிட்டால் தாய்மார்கள் மறுக்கமாட்டார்கள். சத்துமாவும் முட்டையும் அவர் கையிலிருந்து வருகின்றன. அப்படிக் கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா என்று குழுவில் ஒருவராவது கேட்பார். பணியாளர் இல்லாத இடத்தில், வேறொருவர் மூலமாகத் தாய்மாரை அழைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்காமல், ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவுகளில் இறங்குங்கள். மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வு மன்றமும் சேர்ந்து 2004-05, 2011-12 ஆகிய ஆண்டுகளில் நடத்திய இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. 8 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன்களும் அதில் உண்டு. பெயர் நீக்கப்பட்ட அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது. பதினைந்து வயது மாணவர்களின் திறன்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வின் 2009 சுற்றினுடைய நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, பட்டியலின் அடியில் வந்தன. அதன்பின் இந்தியா ஒதுங்கிவிட்டது. அந்த மதிப்பெண்களைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் அதிகம், தரவை எடுத்து உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு என்பது என் கருத்து. அமெரிக்கக் குழந்தைகள் என்றால், 1998-99-இலும் 2010-11-இலும் மழலையர் வகுப்பில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வுகள் இருக்கின்றன. மூன்று கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடாக்கும் முறையை உங்கள் துறை அனுமதித்தால், முதல் கட்டுரை இத்தகைய தரவிலும், இரண்டாவது நெறியாளரின் திட்டத்திலும், மூன்றாவது அங்கன்வாடியிலும் அமையலாம். ஊர்க் களப்பணி தாமதமானாலும் பட்டம் தாமதமாகாது.

இதற்காகவே முறையியல் பாடங்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுங்கள். ஒரே வகுப்பறையில் இருக்கும் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளும் பன்னிலை மாதிரிகள், தேர்வுகள் சரியாக அளக்கின்றனவா என்று ஆராயும் அளவீட்டியல், நேர்காணல் ஆய்வு ஆகிய மூன்றும் அவசியம். இதற்கு லிங்கன் நல்ல இடம். உளவியல் தேர்வுகளை மதிப்பிடும் பியூரோஸ் மையம் 1979 முதல் அங்கேதான் இருக்கிறது. எண் தரவையும் நேர்காணல் போன்றவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் கலப்பு முறை ஆய்வை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான ஜான் கிரெஸ்வெல் பல பத்தாண்டுகள் அங்கே பாடம் நடத்தினார்.

வேலைக்கும் இது உதவும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை செய்யலாம். பட்டியலிடப்பட்ட அறிவியல் துறைகளுக்கு மேலும் 24 மாதம் உண்டு. கல்வித் தொழில்நுட்பம், கல்வி மதிப்பீடு, கல்விப் புள்ளியியல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாடத்திட்டமும் கற்பித்தலும் என்ற பிரிவு இல்லை. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் படிப்புக்கு என்ன குறியீடு இட்டிருக்கிறார்கள் என்று இப்போதே பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். அசிஸ்டண்ட்ஷிப் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குத்தான். வாரத்துக்கு இருபது மணி நேரம் என்பது விசா அனுமதிக்கும் வரம்பையே நிரப்பிவிடுவதால், செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. கோடையில் சம்பளம் வருமா என்பது நெறியாளரின் நிதியைப் பொறுத்தது. 2025 பிப்ரவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவான கல்வி அறிவியல் நிறுவனத்தின் பல ஒப்பந்தங்கள் ஒரேயடியாக ரத்தாகின. மறுமாதமே ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டனர். அதை நம்பியிருந்த திட்டங்களும் மாணவர்களும் தடுமாறியதைப் பார்த்தவள் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

நெறியாளர் உறவு நம் ஊர் கைடு உறவைப் போல இருக்காது. அவரே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். அதற்காக எல்லாவற்றையும் கேட்காமலே புரிந்துகொள்வார் என்று எண்ண வேண்டாம். அவர் சும்மா இருந்தால் திருப்தியாக இருக்கிறார் என்று பொருளில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் பேசியதை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். கட்டுரையில் யார் பெயர் முன்னால் வரும் என்பதை வேலை தொடங்கும்போதே கேட்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது; முடிந்தபின் கேட்டால்தான் சங்கடம்.

புறப்படுமுன் அவருக்கு எழுதும் கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள்: அவருடைய திட்டத்துக்கு எந்த ஆண்டுவரை நிதி இருக்கிறது, கோடைச் சம்பளம் உண்டா, ஏற்கெனவே அனுமதி பெற்ற அவருடைய ஆய்வில் உங்களைச் சேர்க்க முடியுமா, வெளிநாட்டில் களப்பணி செய்த மாணவர் யாராவது அவரிடம் இருந்தார்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்த மாணவர் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தை ஒருமுறை படிக்கத் தருவாரா என்று கேட்டு வாங்குங்கள். களப்பணிக்காகச் செமஸ்டர் நடுவில் ஊருக்குப் போவதாக இருந்தால், அமெரிக்காவுக்கு வெளியே ஐந்து மாதத்துக்கு மேல் தங்கினால் விசா நிலைக்குச் சிக்கல் வரக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுக்குமுன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.